ஜன்னல், தலைவாசல் கதவு, வெளிச்சுவர் மாற்றப் போகிறவர்களுக்கு: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான கேள்வி பதில்

எங்கள் வீடு தர்மபுரியில் 1994இல் அப்பா கட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன் அதன் ஜன்னல்களையும் தலைவாசல் கதவையும் சரிசெய்தோம். சில வேலை நன்றாக அமைந்தது, சிலதை மறுபடி பிரித்துப் போட வேண்டி வந்தது. அப்புறம் பாலக்கோட்டில் சித்தப்பா வீட்டுக்கும் ஓசூரில் தங்கை வீட்டுக்கும் சைஸ் எடுக்கும் நாளிலிருந்து கூடவே நின்றேன். சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு வைத்திருக்கிறேன்.

முப்பது வருஷத்து மர ஜன்னல். எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். நிலையைத் தனியாகவும் கதவைத் தனியாகவும் பாருங்கள். நிலையின் கீழ்ச்சட்டமும் பக்கக் கால்களின் அடி முனையும்தான் முதலில் கெடும். அங்கே ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. தட்டும்போது பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே கறையான் தின்றிருக்கும். இரண்டும் இல்லையென்றால் நிலையில் கை வைக்காதீர்கள். அந்தக் காலத்துத் தேக்கும் வேங்கையும் காய்ந்து இறுகி நிற்பவை, அதே காசுக்கு அப்படி ஒரு கட்டை இன்று கிடைக்காது. கதவை மட்டும் புதிதாகச் செய்து, கீலும் கொக்கியும் மாற்றினால் போதும். எங்கள் வீட்டில் பதினொரு ஜன்னலில் நான்கைத்தான் நிலையோடு எடுத்தோம்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது மட்டும் கவனம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், தூளைக் கூட்டிப் பையில் கட்டிப் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கையில் பாதி ஜன்னலுக்குத்தான் பணம் இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது?

மேற்கு. நிறையப் பேர் தெருவைப் பார்த்த ஜன்னலில் ஆரம்பிக்கிறார்கள், அங்கேதான் பணம் வீணாகிறது.

தர்மபுரி ஏறக்குறைய 12 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து, ஆகஸ்ட் 20 வாக்கில் மறுபடி உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் நமக்கு வடக்கே நிற்கும். அதனால்தான் மே, ஜூனில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கிறது. தெற்குச் சுவருக்கு ஐப்பசியிலிருந்து மாசி வரை வெயில் உண்டு, ஆனால் அதைச் சமாளிப்பது சுலபம். டிசம்பர் நடுப்பகலில் 2 அடி சன்ஷேட் கிட்டத்தட்ட 2¾ அடி உயரத்துக்கு நிழல் தரும்.

மேற்கில் அந்தக் கணக்கு நடக்காது. ஏப்ரல் மாதம் மாலை நாலரை மணிக்கு வெயில் சாய்ந்து வரும்போது அதே 2 அடி சன்ஷேட்டின் நிழல் ஏறக்குறைய ஓரடிதான். நாலடி ஜன்னலில் மூன்றடி வெயிலில் காயும். ராத்திரி பத்து மணிக்கும் அந்த அறைச் சுவர் தொட்டால் சுடுவது இதனால்தான்.

ஆகவே மேற்கில் முதல் செலவு வெளி மறைப்புக்கு: மூங்கில் தட்டி, பக்கவாட்டுச் சுவர்த் துண்டு, இடமிருந்தால் ஒரு புங்கமரம். கண்ணாடிக்கு உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் சூடு ஏற்கனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. மறைப்பு போட்ட பிறகு ஜன்னலை மாற்றுங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3000 அடி, தர்மபுரி 1500 அடி. அங்கே மார்கழிக் குளிர்காற்று வரும் கிழக்கு, வடக்கு ஜன்னல்களின் இடுக்கை அடைப்பதும் முக்கியம். தங்கை வீட்டில் கிழக்கு ஜன்னலைத்தான் முதலில் மாற்றினோம்.

மரம், அலுமினியம், யுபிவிசி, இரும்பு. எதைப் போடுவது?

நான் கண்ட வரையில், வெயிலும் மழையும் நேராக அடிக்கும் பக்கத்துக்கு வெள்ளை யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம்), வராண்டா நிழலில் இருக்கும் ஜன்னலுக்கு மரம், ஆறடி எட்டடி என்று அகலமாக வேண்டுமென்றால் அலுமினியம். ஒரே வீட்டில் மூன்றும் இருந்தால் தவறில்லை.

யுபிவிசி மரத்தைப் போலவே சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், கறையான் தொடாது, பெயின்ட் கேட்காது. ஆனால் வெயிலில் நீளும். 2 மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும், அதே அளவு அலுமினியம் ஒன்றரை மில்லிமீட்டர் கூட நீளாது. சுவரோடு இறுக்கிப் பூசிவிட்டால் சட்டம் வளைந்து, கதவு தேய்க்க ஆரம்பிக்கும். மரக் கலர் ஒட்டிய அடர் நிறச் சட்டங்கள் இன்னும் சூடாகும், மேற்குப் பக்கம் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வாங்கும் முன் வெட்டிய துண்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளே தனித்தனி அறைகள் இருக்கின்றனவா, நடு அறையில் துத்தநாகம் பூசிய இரும்பு செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு இல்லாத பெரிய ஜன்னல் இரண்டு கோடையில் தொய்ந்துவிடும். துண்டு காட்ட மறுக்கும் கடையில் நான் வாங்கமாட்டேன்.

அலுமினியம் பலமானது, சட்டம் மெலிதாக இருப்பதால் வெளிச்சம் நிறைய வரும். ஆனால் சூட்டை உடனே உள்ளே கடத்தும். வாங்கினால் பவுடர் கோட்டிங் போட்டதாக, சட்டத்தின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இரும்பு ஜன்னல் விலை குறைவு. வருஷா வருஷம் பெயின்ட் அடிக்க ஆள் இருந்தால் சரி.

எதைப் போட்டாலும் போர்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கண்ணாடி கழுவாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு படிந்து போகவே போகாது. ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

இரட்டைக் கண்ணாடி போட்டால் வீடு குளிருமா?

ஏசி அறையாக இருந்தால் பயன் உண்டு. ஒற்றைக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் இரட்டைக் கண்ணாடி வழியாகக் கடந்து வரும் சூடு ஏறக்குறைய பாதியாகும். ஆனால் இது வெளிக்காற்றின் சூட்டுக்குத்தான். நேராக அடிக்கும் வெயிலின் பெரும்பகுதி சாதாரண இரட்டைக் கண்ணாடியையும் ஊடுருவிவிடும். மறைப்பில்லாத மேற்கு ஜன்னலுக்கு அதைப் போட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்று வாங்கும் வீட்டுக்கு அது தேவையே இல்லை.

அதைவிட டஃபன்டு கண்ணாடிக்கு, அதாவது சூடேற்றிப் பலப்படுத்திய கண்ணாடிக்குச் செலவு செய்யலாம். சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம். உடைந்தாலும் கத்தி போல் சிதறாமல் சிறு மணிகளாக உதிரும். தரையிலிருந்து மூன்றடிக்குக் கீழே இறங்கும் கண்ணாடி, கதவில் பதிக்கும் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி எல்லாம் இதாகத்தான் இருக்க வேண்டும். மூலையில் ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். டஃபன்டு ஆன பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது, அதனால் சைஸை இரண்டு முறை சரிபார்த்து ஆர்டர் கொடுங்கள்.

தள்ளும் ஜன்னலா, திறக்கும் ஜன்னலா?

தள்ளும் ஜன்னலில் பாதிதான் திறக்கும். நாலடி அகலத்தில் காற்று வருவது இரண்டடிக்குத்தான். காற்று முக்கியம் என்றால் திறக்கும் ஜன்னல். சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில், தொப்பூரிலோ காரிமங்கலத்திலோ லாரிச் சத்தம் தாங்காமல் மாற்றுகிறவர்களும் திறக்கும் வகையையே எடுங்கள். மூடும்போது ரப்பரில் அழுந்தி உட்காருவதால் இடுக்கு இருக்காது, சத்தம் இடுக்கு வழியாகத்தான் அதிகம் வருகிறது. பால்கனிக்கும் குறுகலான சந்துக்கும் தள்ளும் வகை.

கொசுவலையை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பின்னால் சேர்த்தால் ஒழுங்காக அமையாது.

புது ஜன்னல் போட்ட பிறகும் மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. ஏன்?

இதில் நான் நேரடியாக அடிபட்டிருக்கிறேன். ஏப்ரலில் வேலை முடிந்தது. மே மாதம் ஒரு சாயங்காலம் காற்றோடு கோடை மழை அடித்தது. அரைமணி நேரத்தில் ஹாலில் மேற்கு ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் தேங்கி, சுவர் முழுக்க ஊறிவிட்டது. பொருத்திய கடைக்காரர் வந்து பார்த்து, "தண்ணி வரக் கூடாதுன்னுதான் எல்லா ஓட்டையையும் சிலிக்கான் வெச்சு அடைச்சோம்" என்றார். அதுதான் கோளாறே.

கீழ்ச்சட்டத்தில் வெளிப்பக்கம் சிறு நீள் துளைகள் இருக்கும். ஜன்னல் ஓடும் தண்டவாளத்தில் விழும் மழைத் தண்ணீர் அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். அதை அடைத்தால் தண்ணீர் நிரம்பி வீட்டுக்குள் வழியும். எங்கள் ஜன்னலில் இன்னும் இரண்டு தவறு இருந்தது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அடித்த நுரை வெளியே தெரிய அப்படியே விடப்பட்டிருந்தது. நுரை வெயிலில் பொடிந்துவிடும், அதன் மேல் வெளிப்பக்கம் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) கோடு ஓட்டியிருக்க வேண்டும். ஜன்னலின் கீழ்த்திண்டு வேறு உட்பக்கம் சாய்ந்திருந்தது. கடைசியில் கொத்தனாரை வைத்து வெளிப்பக்கம் அரை அங்குலம் வாட்டம் கொடுத்து, கிரானைட் பட்டை பதித்து, பட்டையின் அடியில் தண்ணீர் சொட்ட ஒரு காடி வெட்டினோம். அதன் பிறகு இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, ஒரு சொட்டு இல்லை.

ஜன்னலின் தரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சுவரோடு சேரும் அந்த அரை அங்குலத்தில்தான் வீடு நனைவதும் நனையாமல் இருப்பதும். பொருத்தும் நாளில் லீவு போட்டுக் கூட நில்லுங்கள். முடிந்ததும் கூலி கொடுக்கும் முன்னால் வெளியிலிருந்து ஹோஸால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். சட்டத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை அன்றே உரித்துவிடுங்கள், வெயிலில் விட்டால் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

சைஸ் எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

அகலத்தை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உயரத்தையும் மூன்று இடத்தில். எது குறைவோ அதுதான் கணக்கு. மூலைக்கு மூலையும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் திறப்பு கோணியிருக்கிறது, முதலில் பூச்சைச் சரிசெய்ய வேண்டும். சுற்றிலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஜன்னல் செய்வது சரியான முறை. பழைய ஜன்னலைப் பெயர்த்த பிறகு ஒரு முறை அளந்துவிட்டு ஆர்டர் கொடுப்பது இன்னும் நல்லது, அதுவரை தார்ப்பாய் கட்டிச் சமாளிக்கலாம்.

ஜன்னலைப் பெரிதாக்கலாமா?

உயரத்தைக் கீழ்ப்பக்கம் இறக்குவது சுலபம். அகலத்தைக் கூட்டுவதென்றால் மேலே சுவர்ப் பாரத்தைத் தாங்கும் லிண்டலையும் மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும் குறைந்தது ஆறு அங்குலமாவது அது சுவர் மேல் உட்கார வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் லிண்டலாகக் கருங்கல் பலகையே இருக்கும், அதன் கீழே சுவரைக் கொத்தினால் கல் தொங்கிவிடும். இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டாமல் கொத்தவே கொத்தாதீர்கள்.

எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதற்குப் புழுக்கமான ஊர்களில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு, வறண்ட ஊர்களில் பத்தில் ஒரு பங்கு என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒரு கணக்கு உண்டு. 10க்கு 12 அறை 120 சதுர அடி. நான் 15 முதல் 20 சதுர அடி ஜன்னல் வைப்பேன், அதுவும் எதிரெதிர்ச் சுவர்களில் பிரித்து.

தலைவாசலுக்கு எந்த மரம்?

தேக்கு, அதற்கடுத்து வேங்கை. நிலைக்கு மட்டும் வேம்போ பலாவோ போடும் வீடுகளும் உண்டு, நன்றாகக் காய்ந்த கட்டையாக இருந்தால் குறையில்லை. மரத்தின் பெயரைவிட வைரம், அதாவது நடுமரத்தின் கெட்டிப் பாகம்தான் முக்கியம். வெளிறு கலந்த தேக்கைவிட வைரம் பாய்ந்த வேம்பு மேல். பட்டையை ஒட்டிய வெளிர் பாகம் சட்டத்தில் எங்காவது தெரிந்தால் கறையான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அதன் மேல் கலர் பூசிக் காட்டுவார்கள், அதனால் பாலிஷ் போடும் முன்னால் போய்ப் பாருங்கள்.

அடுத்தது ஈரம். ஈரக் கட்டையில் செய்த கதவு பங்குனியில் சுருங்கி இடுக்கு விடும், ஐப்பசியில் உப்பி இறுகும். மரவாடியில் ஈரம் பார்க்கும் சிறு கருவி வைத்திருப்பார்கள், 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எடுக்கலாம்.

கன அடிக் கணக்கை நீங்களே போட்டுப் பழகுங்கள். 7 அடி உயரம், 3½ அடி அகலம், கீழ்ப்படியும் சேர்த்து 5க்கு 3 அங்குல நிலை என்றால் மொத்த நீளம் 21 அடி. 5ஐ 3ஆல் பெருக்கி 144ஆல் வகுத்து 21ஆல் பெருக்கினால் சுமார் 2.2 கன அடி வரும். சேதாரம் கொஞ்சம் கூடலாம், மூன்றரை கன அடி என்று சீட்டில் இருந்தால் கேளுங்கள். 5க்கு 3 என்பது இழைப்பதற்கு முந்திய அளவா பிந்திய அளவா என்பதையும் ஆசாரியிடம் முன்பே பேசிவிடுங்கள்.

பூட்டுக்குக் காட்டும் அக்கறையை நிலைக்கும் காட்டுங்கள். திருடன் கடப்பாரையை விடுவது பூட்டில் அல்ல, நிலைக்கும் கதவுக்கும் நடுவே. நிலையின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று ஹோல்டுபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை) சுவருக்குள் கான்கிரீட்டில் இறங்க வேண்டும். கதவுக்கு 5 அங்குலக் கீல் நான்கு. கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை அடித்துவிடுங்கள், காட்டோரம், வயலோரம் இருக்கும் வீடுகளில் பாம்பும் பூரானும் வரும் வழி அதுதான்.

நிலையைப் பெயர்க்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் பேச்சைக் கேளுங்கள். பூஜை போட்டு வைத்த தலைவாசல் நிலை, கல்யாணமும் சீரும் அதன் வழியாகத்தான் வந்திருக்கும். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். நிலையை விட்டுவிட்டு, கதவை மட்டும் மாற்றினோம். அடிப்பாகம் மட்டும் உளுத்திருந்தால் ஒரு நல்ல ஆசாரி அந்தத் துண்டை வெட்டி, புதுக் கட்டையைச் சேர்த்துப் பிடித்துக் கொடுப்பார். முழு நிலையும் போய்விட்டது என்றால் வேறு வழியில்லை, நல்ல நாள் பார்த்து முறைப்படி செய்துவிடுங்கள்.

தலைவாசலுக்கு இரும்புக் கதவு போடலாமா?

வராண்டாவுக்கு உள்ளே என்றால் போடலாம். மேற்கு வெயில் நேராக அடிக்கும் வாசலுக்கு வேண்டாம், கைப்பிடி தொட முடியாத அளவுக்குச் சுடும். பல கதவுகளின் உள்ளே நிரப்பியிருப்பது தேன்கூடு போன்ற அட்டைதான். தகட்டின் தடிமனைக் கேளுங்கள்.

குளியலறைக் கதவு வருஷம் தவறாமல் உளுத்துப் போகிறது.

மரத்தை விட்டுவிடுங்கள். நிலைக்கு நம் ஊர்க் கிரானைட், கதவுக்கு டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை). கிரானைட் நிலை நம் இரண்டு மாவட்டத்திலும் எளிதாகக் கிடைக்கிறது, தண்ணீருக்கும் கறையானுக்கும் அசையாது. கீல் பதிக்கும் துளையை மட்டும் பட்டறையிலேயே போட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் வெளிச்சுவருக்கு 'சைடிங்' போடச் சொல்கிறான். நமக்கு வேண்டுமா?

வேண்டாம். அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தால் ஆனவை. அந்த மரம் நனையாமலிருக்க வெளியே பிவிசி பட்டைகளோ சிமென்ட் பலகைகளோ அடிக்கிறார்கள், அதுதான் சைடிங். பிவிசி பட்டை சூட்டில் நீள்வதால் ஆணியைக் கூட இறுக்காமல் தளர்வாகத்தான் அடிப்பார்கள். எதிர்வீட்டுக் கண்ணாடியிலிருந்து தெறிக்கும் வெயிலிலேயே அது உருகி நெளிவது அங்கே தெரிந்த சங்கதி. நம் வீடு செங்கல்லும் பூச்சும், ஒன்பது அங்குலச் சுவருக்கு அந்தச் சட்டை தேவையில்லை.

சுவரில் ஓதம் இருக்கிறது, அதை மறைக்கலாம் என்று யோசித்தால் இன்னும் தவறு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள்: சன்ஷேட் சுவரோடு சேரும் இடம், கைப்பிடிச் சுவரின் மேல்பகுதி, கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் கோட்டில் விட்ட விரிசல், கசியும் குழாய். விரிசலை வெட்டி அகலப்படுத்திப் பாலிமர் கலவை அடைத்து, அந்தக் கோட்டில் வலை வைத்துப் பூசினால் பாதி வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். மொட்டை மாடியில் இலேசான அறை எழுப்புகிறவர்களுக்கு மட்டும் இரும்புச் சட்டத்தில் சிமென்ட் நார்ப் பலகை நல்ல வழி.

முன்பக்கச் சுவருக்குக் கிரானைட் ஒட்டலாமா? கிருஷ்ணகிரியில் மலிவாகக் கிடைக்கிறதே.

ஒட்டலாம், எடையைத் தெரிந்துகொண்டு. 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள கிரானைட் சதுர அடிக்கு சுமார் 5 கிலோ. 10க்கு 10 சுவரில் அரை டன் தொங்கும். வெறும் சிமென்ட் பாலில் வழுவழுப்பான பின்பக்கத்தை ஒட்டினால் வெயிலில் நீண்டு சுருங்கி, சில வருஷத்தில் பிடி விட்டுவிடும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் மேலிருந்து ஒரு கல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே பழைய பெயின்ட்டை முழுக்கக் கொத்தி எடுக்க வேண்டும். பூச்சைத் தட்டிப் பார்த்து, பொள்ளலான இடத்தை உடைத்து மறுபடி பூச வேண்டும். கல்லின் பின்பக்கம் சொரசொரப்பாக்கி, கல்லுக்கென்றே விற்கும் பசையால் ஒட்டி, கல்லுக்குக் கல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஓர் ஆள் உயரத்துக்கு மேலே போனால் ஸ்டெயின்லெஸ் கொக்கி வைத்துச் சுவரோடு பிடிக்கச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துப் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய பட்டைகள் கிடைக்கும். அவற்றை மூன்றடி உயரத்துக்கு அடிச்சுவரில் மட்டும் ஒட்டினால் மழைச் சாரல் தெறித்து அழுக்காவது நிற்கும், செலவும் அடங்கும். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான்.

மேற்குச் சுவருக்குக் கறுப்புக் கல் வேண்டவே வேண்டாம். அங்கே வெள்ளைப் பூச்சுதான் சிறந்தது.

எந்த மாதத்தில் வேலை வைத்துக்கொள்ளலாம்?

தை பிறந்ததும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் அதற்குள் காய்ந்திருக்கும், பூச்சும் பசையும் சீலன்ட்டும் நன்றாகப் பிடிக்கும், சித்திரை இடிமழைக்கு முன் வேலை முடிந்துவிடும். ஆடியில் காற்றும் புழுதியும், மார்கழியில் பனி. அந்த இரண்டு மாதத்திலும் பல வீடுகளில் நிலை வைப்பதில்லை என்பது வேலைக்கும் ஒத்து வருகிறது.

கொட்டேஷனில் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

சதுர அடி விலை மட்டும் பார்த்துக் கடைக்குக் கடை ஒப்பிட முடியாது. கண்ணாடியின் தடிமன், வலை, பூட்டு, கிரில் சேர்ந்ததா, பழைய ஜன்னலைப் பெயர்ப்பது யார், பெயர்த்த பிறகு பூச்சு வேலை யார் பொறுப்பு, மாடிக்குச் சாரம் கட்டும் கூலி, வண்டி வாடகை, ஜிஎஸ்டி உள்ளா வெளியா, எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும். பெயர்த்த பழைய மரம் உங்களுக்கு என்பதையும் எழுதுங்கள். எங்கள் நான்கு நிலைகளில் கிடைத்த நல்ல கட்டையில் ஆசாரி பூஜை அறைக்கு ஒரு கதவு செய்து கொடுத்தார்.

முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். கடைசிப் பங்கை ஹோஸ் தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகு கொடுங்கள். படுக்கையறைக் கிரில்களில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும், சாவி எங்கே தொங்குகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.